முரசுக்கு 800 அடி, ஆளுக்கு 20 அடி

கி.பி. 581-இல் சுய் வம்சத்தைத் தொடங்கிய வென் பேரரசர், அரியணையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சம்பந்தி வீட்டைத் துடைத்துப் போட்டார். அவருக்கு முன் ஆண்டவர்கள் யூவென் குடும்பத்தார். அவர் பெண் கொடுத்த இடம். உறவு வேறு, அரசியல் வேறு. கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் யூவென் காய் என்ற இளைஞரின் பெயரும் ஏறிவிட்டது. அவர் அந்த அரச வம்சமே இல்லை. குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று. போதாக்குறைக்கு அவருடைய அண்ணன் புதிய பேரரசருக்கு வேண்டப்பட்ட தளபதி. இதெல்லாம் கொஞ்சம் தாமதமாக நினைவுக்கு வந்து, மன்னிப்பு உத்தரவோடு ஆளை விரட்டினார்கள். உத்தரவு போய்ச் சேர்ந்தபோது காயின் தலை இன்னும் கழுத்தின் மேல்தான் இருந்தது.

மறு வருடம் அதே பேரரசர் அதே ஆளைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு புதுத் தலைநகரம் வேண்டும், வரைந்து கொண்டு வா என்றார். பழைய தலைநகரம் பக்கத்திலேயே இருந்தது. ஹான் காலத்து ஊர், ஏறக்குறைய 800 வயது, தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. காய்க்கு அப்போது 27 வயது. தலை தப்பி வந்தவன் கோடு போட்டால் எப்படிப் போடுவான்? நேராகத்தான் போடுவான்.

கிழமேல் 9.7 கி.மீ., தென்வடல் 8.6 கி.மீ. மொத்தம் 84 சதுர கி.மீ. பரப்பு. தென்வடலாக 11 சாலைகள், கிழமேலாக 14 சாலைகள். ஒன்றாவது வளைய வேண்டுமே? கிடையாது. 9 மாதத்தில் குடிபுகும் அளவுக்கு ஊர் தயார். 618-இல் சுய் வம்சம் போய் தாங் வம்சம் வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் சாங்-ஆன் என்று மாற்றினார்கள். காயின் கோட்டில் கை வைக்கவில்லை.

அந்த ஊரில் கோணலாக இருக்க அனுமதி பெற்றது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மரம். தலைமை அமைச்சர் காவ் ஜியோங், அரசவை மண்டபத்துக்கு வடக்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துதான் கட்டுமான வேலைகளை மேய்த்துக்கொண்டிருந்தார். மரம் வரிசையில் நிற்கவில்லை. வெட்ட ஆள் வந்துவிட்டது. காவ் ஜியோங் உட்கார்ந்த மரம், பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும், விட்டுவிடு என்று பேரரசரே தடுத்தார். மரம் பிழைத்தது. காவ் ஜியோங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடுத்த பேரரசர், அதாவது வென் பேரரசரின் மகன், வாய் நீளம் என்று சொல்லி அவரைக் கொன்றார்.

நிலத்தில் ஆறு மேடுகள் இருப்பதைப் பார்த்த காய், பழைய சாஸ்திரத்தைப் புரட்டி ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பலன் கண்டுபிடித்தார். ஐந்தாவது மேடு சாமானியர் குடியிருக்கத் தகாத மகா உயர்ந்த இடம் என்று வந்தது. அங்கே ஒரு புத்த மடத்தையும் எதிரில் ஒரு தாவோ கோயிலையும் கட்டி அடைத்துவிட்டார். தென்கிழக்கு மூலையும் ரொம்ப உசத்தியாக இருந்தது. அங்கிருந்து எவனாவது ராஜயோகத்தோடு கிளம்பிவிட்டால்? குளம் வெட்டிவிட்டார். சாஸ்திரப்படி அரண்மனை வடக்கே வந்தது. சாஸ்திரத்தில் எல்லாம் சரி, ஆனால் இடம் தாழ்வு. 80 வருடம் கழித்து, வாதநோய்க்காரரான காவ்சோங் பேரரசர் அரண்மனையின் ஈரம் தாங்காமல், 663-இல் வெளியே ஒரு மேட்டில் கட்டிய புது மாளிகைக்குக் கிளம்பிவிட்டார். வாஸ்து பார்த்துக் கட்டிய வீட்டில் ஓதம் ஏறுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

இன்னொரு சின்னக் கணக்குப் பிழையும் உண்டு. ஊர் பெரிதாகிவிட்டது. சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவ்வளவு பேரும் போய் அடைந்த பிறகும் தெற்கே நாலைந்து வரிசைப் பேட்டைகள் காலியாகக் கிடந்தன. தலைநகரத்தின் மதிலுக்குள்ளேயே ஏர் ஓட்டினார்கள்.

பேட்டை என்று சொன்னேன் அல்லவா, ஊரின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. சாலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு பேட்டை. மொத்தம் 108 என்று சொல்வது வழக்கம். (நமக்கு 108 என்றாலே தேங்காய் உடைக்கத் தோன்றும், அவர்களுக்குச் சுவர் கட்டத் தோன்றியிருக்கிறது.) சிறிய பேட்டைக்கே ஒவ்வொரு பக்கமும் அரை கி.மீ. இருக்கும். சுற்றிலும் மண் சுவர். சுவரில் வாசல். வாசலுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி பேட்டை மணியக்காரர் இடுப்பில். உங்கள் வீட்டுக் கதவு பேட்டைக்கு உள்ளே இருக்கும் சந்துப் பக்கம் பார்த்துத்தான் திறக்கலாம். பெரிய சாலையைப் பார்த்து வாசல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் மூன்றாம் தரமோ அதற்கும் மேலோ உள்ள அதிகாரியாகப் பிறந்து, சீ, உயர்ந்து இருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பிரம்மாண்டமான சாலைகளில் நடந்தால் இரண்டு பக்கமும் சுவர், மரம், சாக்கடை, மறுபடி சுவர். ஒரு டீக்கடைகூடக் கண்ணில் படாது.

பெரும்பாலான பேட்டைகளுக்கு நாலு திசையிலும் வாசல். அரண்மனை வளாகத்துக்கு நேர் தெற்கே இருந்த 36 பேட்டைகளுக்கு மட்டும் கிழக்கும் மேற்கும்தான். வடக்கே வாசல் வைத்தால் அரண்மனையின் சுபசக்தி ஒழுகிப் போய்விடுமாம். பேரரசரின் சக்தி ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வடக்கே நூறடி தள்ளி இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போக ஒருவர் கிழக்கு வாசல் வழியாக வெளியேறி ஊரைச் சுற்றியிருக்கிறார்.

இத்தனை சுவரும் இரவுக்காக. பகலில் எங்கே வேண்டுமானாலும் போ. சூரியன் சாய்ந்தால் பேட்டைக்குள் அடங்கு. இதுதான் சட்டம். ஆரம்ப காலத்தில் அதை அறிவிக்க ஆட்கள் காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்கள். 636-இல் அவர்களுடைய தொண்டைக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர் மா சோவ்.

மா சோவின் கதையைச் சொல்லாமல் போனால் பாவம். ஏழை, படித்தவர், குடிப்பவர். ஊர் ஊராக வேலை பிடிபடாமல் அலைந்தவர். தலைநகரத்துக்கு வரும் வழியில் ஒரு சத்திரத்தில் தங்கினார். சத்திரக்காரர் வியாபாரிகளை விழுந்து விழுந்து கவனித்தாரே ஒழிய இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மா சோவ் பேசாமல் ஒரு பெரிய குடம் அளவுக்கு மது வரவழைத்து, தனியாக உட்கார்ந்து நிதானமாகக் குடித்து முடித்தார். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு தலைநகரத்தில் சாங் ஹே என்ற காவல்படை அதிகாரியின் வீட்டில் ஒட்டிக்கொண்டார். ஒரு நாள் பேரரசர் தாய்சோங், ஆட்சியில் குறை என்ன என்று எல்லா அதிகாரிகளையும் எழுதித் தரச் சொன்னார். சாங் ஹேக்கு வாளைப் பிடிக்கத் தெரியும், தூரிகையைப் பிடிக்கத் தெரியாது. வீட்டு விருந்தாளி 20-க்கும் மேற்பட்ட யோசனைகளை எழுதிக் கொடுத்தார். பேரரசர் படித்தார், அசந்தார், இந்த ஆளுக்கு இவ்வளவு மூளை ஏது என்று கேட்டார். சாங் ஹே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தானே அமைச்சராகியிருக்கலாம். நல்ல மனிதர், உண்மையைச் சொல்லிவிட்டார். மா சோவுக்கு அழைப்பு மேல் அழைப்பு போனது. பிற்பாடு அமைச்சரான அந்தக் குடிகாரரின் யோசனைதான் தெரு முரசு. குடித்துவிட்டு இரவில் தெருவில் திரியும் சுகத்தை அறிந்தவரே அதற்கு முடிவு கட்டியதை என்னவென்று சொல்வது!

மாலையில் முரசு 800 முறை அடிக்கும். அது ஓய்ந்ததும் வாசல்கள் மூடப்படும். விடியலுக்கு முன் அரண்மனைக்குள் முதல் முரசு ஒலிக்க, தெரு முரசுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வாங்கி ஒலிக்க, வாசல்கள் திறக்கும். வெளிச்சத்தில் ஆள் முகம் தெரிகிற வரை 3000 அடி. அதாவது ஊர் தூங்கப் போவதற்கு 800, எழுந்திருப்பதற்கு 3000. எழுப்புவதுதான் கஷ்டம் என்பது தாய்சோங் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

மாலை முரசு ஓய்ந்த பிறகும் காலை முரசுக்கு முன்பும் சாலையில் நடந்தால் 20 பிரம்படி. இந்த அடி தொடைக்கும் பின்புறத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்படும். முதுகில் கசையடி கூடாது என்று தாய்சோங் 630-இலேயே உத்தரவு போட்டிருந்தார். ஊசி மருத்துவப் படம் ஒன்றைப் பார்த்தபோது உள்ளுறுப்புகளெல்லாம் முதுகுக்கு அருகில் இருப்பது கண்ணில் பட்டதாம். கருணை மிக்க அரசு.

விதிவிலக்குகளும் உண்டு. அவசர அரசு வேலை, கல்யாணம், சாவு, உடம்புக்கு முடியாமை என்றால் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். காவலர் கதிதான் பரிதாபம். போக வேண்டியவரை விடாவிட்டாலும் 30 அடி, போகக் கூடாதவரை விட்டாலும் 30 அடி. காவல் நேரத்தில் திருடன் கடந்து போனதைக் கவனிக்காவிட்டால் 50. இரவில் நடந்தவனுக்கு 20, நடந்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு 30 என்றால் எந்தப் பக்கம் இருப்பது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள். சுவர் ஏறிக் குதித்தால் தடிக் கம்பால் 70 அடி. சாக்கடை வழியாக ஊர்ந்து போனாலும் சுவர் ஏறிய குற்றம்தான் என்று சட்டத்தில் தனியாக ஒரு குறிப்பு இருக்கிறது. சும்மா உட்கார்ந்த இடத்தில் யாருக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுதத் தோன்றாது. எவனோ ஒருவன் சாக்கடைக்குள் பிடிபட்டு, நான் ஏறவே இல்லையே ஐயா என்று வாதாடியிருக்கிறான்.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒரு வரியைத் தாராளமாக விட்டிருந்தார்கள்: பேட்டைக்கு உள்ளே இரவில் நடமாடினால் குற்றமில்லை. இதனால் அதிக லாபம் அடைந்தது பிங்காங் பேட்டை. கிழக்குச் சந்தைக்குப் பக்கத்தில், தாசிகளும் இசைக்காரிகளும் வாழ்ந்த பேட்டை. முரசு அடித்து வாசல் பூட்டிவிட்டால் உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது. சட்டமே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறது; மனிதர் என்ன செய்வார்?

கவிஞர் பை ஜூயியின் தம்பி பை சிங்ஜியன் எழுதிய லீ வாவின் கதையில் இந்த நுட்பம் அழகாக வருகிறது. தேர்வு எழுத வந்த பணக்கார வீட்டுப் பையன் பிங்காங் பேட்டைக்குப் போய் லீ வாவின் வீட்டில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். முரசு ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் கிழவி, எங்கே தங்கியிருக்கிறாய் என்று விசாரிக்கிறாள். பையன் மேற்கு மதிலைத் தாண்டி இன்னும் சில கல் தொலைவு என்று கூசாமல் புளுகுகிறான். உண்மையில் அவன் தங்கியிருந்தது மதிலுக்கு உள்ளே, வேறொரு பேட்டையில். கிழவி அவன் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. முரசு அடித்தாயிற்று, சட்டத்தை மீறாமல் சீக்கிரம் கிளம்பு என்கிறாள். பையன் முகம் தொங்கிப் போகிறது. நேரம் போனதே தெரியவில்லை, வழியோ தூரம், ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை என்று இழுக்கிறான். கடைசியில் லீ வாவே மனமிரங்குகிறாள். மா சோவின் முரசு எதற்காக வைக்கப்பட்டது, எதற்கு உதவியது பாருங்கள்.

காலையில் வெளியே போவதும் அவ்வளவு எளிதில்லை. ஷென் ஜிஜி 781-இல் எழுதிய கதை ஒன்றில் சங் என்ற ஆள் வழியில் சந்தித்த அழகியின் மாளிகையில் இரவைக் கழித்துவிட்டு, விடிவதற்கு முன் கிளம்புகிறான். பேட்டை வாசல் இன்னும் திறக்கவில்லை. வாசலை ஒட்டி மேற்கத்திய நாட்டுக்காரர் ஒருவரின் ரொட்டிக் கடை. அவர் அப்போதுதான் விளக்கேற்றி அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறார். சங் கடையின் தட்டித் திரைக்குக் கீழே உட்கார்ந்து முரசுக்குக் காத்திருக்கிறான். சும்மா இருக்க முடியாமல், அதோ அந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு இருக்கிறதே, யாருடையது என்று கேட்கிறான். அங்கே வீடே கிடையாது, இடிந்த சுவரும் புதரும்தான் என்கிறார் கடைக்காரர். சங் விடவில்லை, நான் பார்த்தேனே என்கிறான். கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அங்கே ஒரு நரி இருக்கிறது, ஆண்களை மயக்கி ராத் தங்க வைக்கும், நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன், நீங்களும் மாட்டினீர்களா என்கிறார். சங் முகம் சிவந்து, இல்லையே என்கிறான். இந்தத் தர்மசங்கடமான பேச்சு முழுவதற்கும் காரணம் ஒரு பூட்டிய கதவு. அது திறந்திருந்தால் அவன் பாட்டுக்குப் போயிருப்பான்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஊர்க்காரர்கள் பகலில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் தெரிகிறது. தெருவை ஆக்கிரமித்தால் தடியால் 70. தெருவில் பயிர் வைத்தால் பிரம்பால் 50. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எதையாவது நட்டால் பரவாயில்லை. சுவரில் ஓட்டை போட்டு அசுத்தத்தைத் தெருவில் விட்டால் 60; நல்ல தண்ணீர் என்றால் ஒன்றுமில்லை; தடுக்காத அதிகாரிக்கும் அதே தண்டனை. கூட்டத்தில் காரணமில்லாமல் குதிரையையோ வண்டியையோ விரட்டினால் 50. அசுத்த விதியில் வரும் அதிகாரிக்கும் அடி என்ற பாகத்தை மட்டும் யாராவது இன்றைய மாநகராட்சிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

தெருவில் பயிர் வைக்கலாமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அரண்மனையிலிருந்து தெற்கே போகும் சூச்சுவே பெருஞ்சாலை 150 மீட்டர் அகலம். எதிர்ச்சாரியில் போகிறவர் மாமனாரா கடன்காரரா என்று தெரிவதற்குள் அவர் போய்விடுவார். அகலம்தான் உண்டே தவிர தளம் கிடையாது. வெறும் கெட்டித்த மண். மழை பெய்தால் சேறு. சேறு அதிகமானால் அரசவைக்கே விடுமுறை விட்டார்கள். தலைமை அமைச்சராக ஒருவர் பதவி ஏற்றால் மட்டும் அவர் வீட்டு வாசலிலிருந்து அரண்மனைப் பக்கம் வரை வண்டி வண்டியாக மணல் கொட்டிப் பாதை போட்டார்கள். யாருக்குப் பதவி வந்திருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை, மணல் எந்தப் பேட்டைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

வியாபாரம் செய்ய ஊரில் இரண்டே இடம்: கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை. இரண்டுக்கும் சுவர், இரண்டுக்கும் முரசு. உச்சிப் பொழுதில் 300 முரசடிக்குத் திறக்கும். சூரியன் மறைவதற்கு முன்னாலேயே 300 மணியடிக்கு மூடும். காலையில் உப்பு தீர்ந்துவிட்டால் மதியம் வரை காத்திரு. சந்தை அதிகாரிகள் பத்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு சரக்கையும் மூன்று தரமாகப் பிரித்து விலை எழுதி வைக்க வேண்டும். பெரிய அதிகாரிகள் சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது என்று தாய்சோங் ஆரம்பத்திலேயே தடை போட்டிருந்தார். கௌரவம் என்ன ஆவது?

கௌரவத்துக்கு என்ன விலை என்று சாங் ஹெங் என்பவரைக் கேட்டால் சொல்வார். பேரரசி வூ காலத்து நாலாம் தர அதிகாரி. கடைநிலை எழுத்தராக ஆரம்பித்து அந்த உயரத்துக்கு வந்தவர். மூன்றாம் தரத்துக்குப் பதவி உயர்வும் தயார். ஒரு நாள் அரசவை முடிந்து குதிரையில் வீடு திரும்பும்போது வழியில் ஒருவர் ஆவியில் வேகவைத்த மாவுப் பண்டத்தைச் சுடச்சுட இறக்கிக்கொண்டிருந்தார். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். சாங் ஹெங் ஒன்றே ஒன்று வாங்கி, குதிரையில் இருந்தபடியே வாயில் போட்டுக்கொண்டார். கண்காணிப்பு அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டார், புகார் எழுதிவிட்டார். கீழிருந்து வந்த ஆளுக்கு மூன்றாம் தரம் கிடையாது என்று பேரரசி தீர்ப்பு. வாழ்நாள் உழைப்பு ஒரு கொழுக்கட்டையில் போயிற்று. பசிக்குக் கீழ்த்தரம், மேல்தரம் தெரியாது, பேரரசிக்குத் தெரியும்.

இத்தனை ஒழுங்கையும் காப்பாற்ற ஜின்வூ காவல்படை இருந்தது. மதில் வாசல்களிலும் பேட்டை முனைகளிலும் காவல் சாவடிகள்: பெரிய மதில் வாசலுக்கு 100 பேர், பெரிய சாவடிக்கு 30, சிறிய சாவடிக்கு 5. இரவில் குதிரை வீரர்கள் கத்திக்கொண்டே ரோந்து போவார்கள்; சத்தமில்லாமல் ஒற்றுப் பார்க்கத் தனி ஆட்கள். பொதுவாக ஏழைகளிடம் வீரமும் பெரியவர்களிடம் பார்வைக் குறைவும் கொண்ட படைதான். 808-இல் ஒரு விபரீதம் நடந்தது. அரண்மனைத் தூதரான அண்ணகர் ஒருவர் குடித்துவிட்டு ஊரடங்கை மீறினார். அந்த நாளில் அண்ணகர் என்றால் அமைச்சர்களே எழுந்து நிற்பார்கள். பேரரசருக்கு என்ன தோன்றியதோ, 20 அடியோடு விடாமல் ஆளை அடித்தே கொல்ல வைத்து, காவல்படை அதிகாரிகளையும் பதவி இறக்கி ஊரைவிட்டு அனுப்பினார்.

பேட்டை ரவுடிகள் வேறு. தலையை மழித்துக்கொண்டு உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு திரிந்தார்கள். தானிங் பேட்டையின் சாங் கான் என்பவன் இரண்டு கைகளையும் அறிவிப்புப் பலகையாக்கியிருந்தான்: உயிரோடு இருக்கும்வரை நகர ஆட்சியருக்கு அஞ்சமாட்டான் என்று இடது கை, செத்த பிறகு எமனுக்கும் அஞ்சமாட்டான் என்று வலது கை. 840-களில் சுவே யுவான்ஷாங் நகர ஆட்சியராக வந்தார். மூன்றாம் நாள் 30-க்கும் மேற்பட்ட ரவுடிகளைச் சத்தமில்லாமல் பிடித்து அடித்தே கொன்று சந்தையில் போட்டார். இடது கை பொய்யாயிற்று. வலது கையைச் சரிபார்க்க சாங் கானும் அனுப்பப்பட்டான். ஊரில் பச்சை குத்தியிருந்த மற்றவர்கள் அவசர அவசரமாகச் சூடு போட்டு அழித்துக்கொண்டார்கள்.

இதைவிடச் சாமர்த்தியசாலி ஒருவன் சாங்-ஆனில் இல்லை, தென்மேற்கே ஷு நாட்டில் இருந்தான். முதுகு முழுக்க வைச்சிரவணன் உருவத்தைக் குத்தி வைத்திருந்தான். நம் குபேரன்தான், அங்கே காவல் தெய்வம். தடி எடுத்த அதிகாரிகள் சட்டையைக் கழற்றியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள். லீ யிஜியன் என்ற ஆளுநர் மட்டும், அடி அந்தச் சாமியை என்றார். 30-க்கும் மேல் விழுந்தது. பத்து நாள் கழித்து ஆள் திறந்த முதுகோடு வீடு வீடாகப் போய், சாமி சேதமாகிவிட்டார், திருப்பணிக்கு நன்கொடை கொடுங்கள் என்று வசூலில் இறங்கினான்.

ரவுடிகளை அடக்கிவிடலாம். 815-இல் வந்தவர்களை அடக்க முடியவில்லை. மாகாணப் போர்ப் பிரபுக்களை ஒடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமை அமைச்சர் வூ யுவான்ஹெங், ஆறாம் மாதம் ஒரு நாள் விடிவதற்கு முன் ஜிங்-ஆன் பேட்டையின் கிழக்கு வாசலைத் தாண்டி அரசவைக்குக் கிளம்பினார். இருட்டில் விளக்குகள் அணைந்தன, அம்பு பாய்ந்தது, உடன் வந்தவர்கள் ஓடினார்கள். வந்தவர்கள் அவருடைய தலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே நேரம் இன்னொரு பேட்டையில் பெய் து என்ற அதிகாரி மீதும் வாள் விழுந்தது. அவர் சாக்கடையில் விழுந்தார்; தடித்த கம்பளித் தொப்பி தலையைக் காப்பாற்றியது. பிறகு தலைநகரத்துப் பெரிய மனிதர்களுக்கு அந்தத் தொப்பி மேல் திடீர்ப் பிரியம் வந்தது.

கொலைகாரர்கள் காவல் அலுவலகங்களில் ஒரு சீட்டையும் போட்டுவிட்டுப் போனார்கள்: எங்களைப் பிடிக்க அவசரப்பட்டால் முதலில் உங்களைத்தான் கொல்வோம் என்று. காவல்துறை அந்தச் சீட்டை மிகுந்த மரியாதையோடு நடத்தியது. யாரும் அவசரப்படவில்லை. பெரிய அதிகாரிகள் விடியும் முன் வீட்டைவிட்டு வரவே மறுத்தார்கள். பேரரசர் வெகுநேரம் அரியணையில் உட்கார்ந்து காலி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண ஜனம் காலை முரசுக்கு முன் தெருவில் வந்தால் 20 அடி வாங்கும் ஊரில், ஒரு கும்பல் தலைமை அமைச்சரின் தலையோடு நடந்து போயிருக்கிறது.

ஊர்க்காரர்கள் சட்டத்தை எதிர்த்துப் போராடவெல்லாம் இல்லை; மெதுவாக மறந்தார்கள். சுவரில் ஒரு வாசல், வாசலில் ஒரு திண்ணை, திண்ணையில் ஒரு கடை. சோங்ரென் பேட்டையில் இரவெல்லாம் விளக்கும் கூச்சலும். 840-இல் இரவுச் சந்தையைத் தடை செய்து ஆணை போட்டார்கள் என்றால் இரவுச் சந்தை அமோகமாக நடந்தது என்று அர்த்தம். முன்பெல்லாம் வருடத்தில் மூன்றே இரவுகள்தான், முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டி, ஊரடங்கு கிடையாது. 713-இல் அந்தத் திருவிழாவுக்கு அரண்மனை வாசலில் 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு விளக்குச் சக்கரம் நிறுத்தி 50,000 அகல் ஏற்றினார்களாம். 362 நாள் அடைத்து வைத்தால் அப்படித்தான் வெடிக்கும்.

இந்த ஊருக்கும் காஞ்சிக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 720-இல் பல்லவ மன்னன் இராசசிம்மனின் தூதர்கள் தாங் அரசவைக்கு வந்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே இராசசிம்மன். பேசும் ஐவண்ணக் கிளி ஒன்று காணிக்கை. கூடவே ஒரு வாக்குறுதி: என் யானைகளையும் குதிரைகளையும் கொண்டு அராபியரையும் திபெத்தியரையும் அடிக்கத் தயார், என் படைக்கு ஒரு நல்ல பெயர் மட்டும் வைத்துக் கொடுங்கள். சுவான்சோங் பேரரசர் மகிழ்ந்துபோய், நற்பண்பைப் போற்றும் படை என்று பெயர் வைத்தார். செலவில்லாத உதவி, இரண்டு பக்கமும்.

763-இல் திபெத்தியர்கள் உண்மையிலேயே வந்துவிட்டார்கள். பேரரசர் ஓடிவிட்டார், அவர்கள் ஊருக்குள் புகுந்து தங்கள் பங்குக்கு ஒரு பொம்மைப் பேரரசரை உட்கார வைத்தார்கள். பதினைந்து நாள் கொள்ளை. மூத்த தளபதி குவோ ஸியீ பெரும்படையோடு வருகிறார் என்று ஊர்க்காரர்கள் புரளி கிளப்பினார்கள். உண்மையில் அவர் கையில் படை அவ்வளவு இல்லை. வாங் ஃபூ என்ற அதிகாரி ரகசியமாக ஊருக்குள் புகுந்து சில நூறு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, நட்ட நடு இரவில் சூச்சுவே பெருஞ்சாலையில் முரசை அடித்துக் கத்த வைத்தார். திபெத்தியர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். பல்லவனின் யானை தேவைப்படவே இல்லை. சட்டப்படி பார்த்தால் அந்த இளைஞர்கள் ஒவ்வொருவருக்கும் 20 அடி உண்டு, யாரும் எண்ணவில்லை. வாங் ஃபூ மட்டும் அத்தோடு நிற்காமல், தன்னையே நகர ஆட்சியர் என்று அறிவித்துக்கொண்டு 2000 பேரோடு அட்டகாசம் செய்ய ஆரம்பித்தார். குவோ ஸியீ வந்ததும் முதலில் அவர் தலையை எடுத்தார்.

904-இல் சூ வென் என்ற போர்ப் பிரபு, பேரரசரையும் மக்களையும் லோயாங்குக்குக் கிளப்பிக்கொண்டு போனபோது வீடுகளைப் பிரித்து மரத்தையெல்லாம் வெய் ஆற்றில் மிதக்கவிட்டார். சுவர் மண்தானே, அதை மழை பார்த்துக்கொண்டது. இப்போது சியான் நகரத்துக்குப் போனால் வழிகாட்டி பெருமையாகக் காட்டும் மதில், மிங் காலத்தில் 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தாங் தலைநகரத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் அது சுற்றி நிற்கிறது. காயின் கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய மேற்குச் சந்தை இருந்த இடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போங்கள். கொஞ்சம் சீக்கிரமே போங்கள், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள்.